கடினச் சொற்களின் பட்டியல்: 400 ஆண்டுக் கதை

கொழும்பிலோ சென்னையிலோ நடைபாதைப் புத்தகக் கடைகளைக் கடந்து சென்ற எவரும் ஒரு நூலைக் காணாமல் இருந்திருக்க முடியாது. நோர்மன் லூயிஸ் என்ற அமெரிக்கர் 1949 இல் வெளியிட்ட 'வேர்ட் பவர் மேட் ஈஸி' என்ற நூலே அது. 75 ஆண்டுகள் கடந்த பின்னரும் அது விலைபோகிறது. போட்டிப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவன், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரி, அலுவலகத்தில் பதவி உயர்வை எதிர்பார்த்திருப்பவர் என்று பலரும் அதை வாங்குகின்றனர். ஆங்கிலத்தின் உயர்ந்த சொற்களைப் பட்டியலிட்டு மனனம் செய்தால் இதுவரை மூடியிருந்த ஏதோ ஒரு கதவு திறக்கும் என்பது அவர்களது நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அது லூயிஸுடன் தொடங்கியதன்று; அமெரிக்காவில் பிறந்ததுமன்று. அதன் தொடக்கம் 1604 இல் லண்டனில், பதவி பறிக்கப்பட்ட ஒரு மதகுரு அச்சிட்ட சிறு நூலில் இருக்கிறது. அந்த நூல் ஆங்கிலம் தெரியாத அந்நியருக்காக எழுதப்பட்டதன்று, ஆங்கிலேயருக்காகவே எழுதப்பட்டது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம். தாய்மொழியின் சொற்களைத் தாமே பட்டியல் போட்டுப் படிக்க வேண்டிய நிலை ஆங்கிலேயருக்கு ஏன் வந்தது?

இரண்டு மாடி வீடு

1066 இல் நோர்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அந்நாட்டில் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. திருச்சபையும் கல்வியும் லத்தீனில் நடந்தன. உழுதவனும் மாடு மேய்த்தவனும் தமது பழைய ஆங்கிலத்தைப் பேசிக் கொண்டிருந்தனர். தொழுவத்தில் நிற்கும்வரை 'கவ்' ஆக இருந்த மாடு, பிரபுவின் சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் 'பீஃப்' ஆனது இவ்வாறுதான். வளர்ப்பவன் மொழி ஒன்று, உண்பவன் மொழி வேறொன்று.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்த இந்த ஏற்பாடு மறைந்தபோது, அதன் தடம் சொற்களில் தங்கிவிட்டது. ஒருவரிடம் எதையாவது கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்க்' என்ற பழைய சொல் உண்டு. பிரெஞ்சு வழியாக வந்த 'குவெஸ்டியன்' உண்டு. லத்தீனிலிருந்து எடுத்த 'இன்டெரொகேட்' உண்டு. தாய் பிள்ளையிடம் கேட்பது முதலாவது. பொலிஸார் கைதியிடம் கேட்பது மூன்றாவது. பொருளில் மட்டுமன்றி, அதிகாரத்திலும் இவை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

தமிழிலும் நிலா என்றும் சந்திரன் என்றும், ஞாயிறு என்றும் சூரியன் என்றும் இணைச்சொற்கள் உண்டு என்பர் சிலர். உண்மைதான். ஆனால் 'கண்' என்ற சொல்லை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்குக் கண்ணீர், கண்ணாடி, கண் வைத்தியர் ஆகிய சொற்கள் தாமாகவே வந்து சேருகின்றன. ஆங்கிலப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. 'ஐ' என்ற சொல்லை வைத்துக்கொண்டு 'ஒகியுலர்' என்பதை ஊகிக்க இயலாது. 'டூத்' என்பதிலிருந்து 'டென்டல்' பிறப்பதில்லை. 'மூன்' என்பதிலிருந்து 'லூனர்' பிறப்பதில்லை. பொருளின் பெயர் கீழ்மாடியில் இருக்கிறது. அதன் உறவுச்சொற்கள் மேல்மாடியில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான படிக்கட்டின் பெயர் லத்தீன். அந்தப் படிக்கட்டு இலக்கணப் பாடசாலைகளுக்குள் இருந்தது. அவற்றின் வாசல் ஏழைகளுக்குப் பெரும்பாலும் மூடியிருந்தது. பெண்களுக்கு ஏறக்குறைய முற்றாகவே மூடியிருந்தது.

16 ஆம் நூற்றாண்டில் மேல்மாடி மேலும் உயர்ந்தது. அறிவியல், மருத்துவம், இறையியல் அனைத்தையும் ஆங்கிலத்தில் எழுத முற்பட்டவர்கள், இல்லாத சொற்களை லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் அள்ளிக் கொண்டு வந்தனர். 1531 இல் ஆட்சியாளரின் கல்வி பற்றி நூல் எழுதிய சேர் தோமஸ் எலியட் இதில் முன்னோடி. புதிய சொல் ஒன்றைப் புகுத்தும்போது அதன் பக்கத்திலேயே பழகிய சொல்லையும் வைத்து எழுதுவது அவரது வழக்கம். (கவிஞர் ரி. எஸ். எலியட் இவரைத் தம் முன்னோர் வழியில் வந்தவராகக் கருதிப் பெருமைப்பட்டவர்.) எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருக்கவில்லை. தம் படிப்பைக் காட்டுவதற்கென்றே சொல் புனைந்தவர்கள் பெருகினர். அத்தகைய சொற்களை மக்கள் 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று எள்ளினர். 1553 இல் தோமஸ் வில்சன் தமது அணியிலக்கண நூலில், ஊர்க்காரர் ஒருவருக்கும் விளங்காத மொழியில் எழுதப்பட்ட ஒரு விண்ணப்பக் கடிதத்தைத் தந்து நையாண்டி செய்தார்.

மறுபக்கத்தில், கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்த சேர் ஜோன் சீக் அந்நியச் சொற்களே வேண்டாம் என்றார். விவிலியத்தின் மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கும்போது, நூறு படைவீரரின் தலைவனுக்கு நூறு என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்தே 'ஹன்ட்ரடர்' என்று பெயரிட்டார். சிலுவையில் அறையப்படுவதற்கு 'குரொஸ்ட்' என்ற சொல்லை ஆண்டார். 1916 இல் மறைமலையடிகள் தொடக்கிய தனித்தமிழ் இயக்கத்தை அறிந்த நமக்கு இந்த மனநிலை அந்நியமானதன்று. ஆனால் சீக் தோற்றுப்போனார். அவரது சொற்கள் நிலைக்கவில்லை. அவர் எதிர்த்த சொற்களில் பெரும்பகுதி நிலைத்துவிட்டது. எது நிலைக்கும் என்பதைத் தீர்மானித்ததில் நியாயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தடுத்தல் என்ற பொருளில் 'இம்பீட்' இன்றும் வாழ்கிறது. விரைவுபடுத்தல் என்ற பொருளில் அதன் இரட்டைப்பிறவியாக வந்த 'எக்ஸ்பீட்' செத்துவிட்டது.

பதவி இழந்தவரின் பட்டியல்

இந்தப் பின்னணியில்தான் ரொபர்ட் கோட்ரி வருகிறார். ரட்லண்ட் என்ற சிறிய மாவட்டத்தில் ஆசிரியராக இருந்து, பின்னர் சவுத் லஃபன்ஹாம் என்ற ஊரில் பங்குக் குருவானவர். தூய்மைவாதக் கருத்துடையவர், திருச்சபை விதித்த வழிபாட்டு நூலை ஏற்று நடக்க மறுத்ததால் 1580களின் பிற்பகுதியில் பதவி நீக்கப்பட்டார். அவர் சும்மா இருக்கவில்லை, வழக்காடினார். 1591 இல் அவர் தோற்ற அந்த வழக்கு, திருச்சபை விவகாரங்களில் முடியின் அதிகாரத்தை உறுதிசெய்த தீர்ப்பாக ஆங்கிலச் சட்ட வரலாற்றில் அவரது பெயராலேயே அறியப்படுகிறது. பிரசங்க மேடையை இழந்த மனிதர், தம் மகன் தோமஸின் துணையுடன் 1604 இல் 'டேபிள் அல்ஃபபெற்றிகல்' என்ற நூலை வெளியிட்டார். ஏறத்தாழ 2,500 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லிலோ ஒரு வரியிலோ பொருள். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி என இதனையே அறிஞர் கொள்வர்.

இந்நூலில் நாய், பூனை, வீடு, மழை போன்ற சொற்களைத் தேடினால் கிடையா. அவற்றை எவரும் அறிவர். ஹீப்ரு, கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றிலிருந்து வந்து, கேட்பவரைத் திகைக்க வைக்கும் கடினச் சொற்களை மாத்திரமே அவர் சேர்த்தார். சீமாட்டிகளும் பெண்களும் கல்வித் தேர்ச்சி பெறாத ஏனையோரும் விவிலியத்திலும் பிரசங்கங்களிலும் காணும் சொற்களை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம் என்று முகப்புப் பக்கத்திலேயே அறிவித்தார். நூலை ஐந்து உயர்குலச் சகோதரிகளுக்குச் சமர்ப்பணம் செய்தார். அவரது வாசகருக்கு அகர வரிசையில் தேடும் பழக்கமும் இருக்கவில்லை. 'ஏ' யில் தொடங்கும் சொல்லை நூலின் தொடக்கத்திலும், 'வி' யில் தொடங்கும் சொல்லை இறுதிப் பக்கமாகவும் தேடுமாறு முன்னுரையில் அவர் பொறுமையுடன் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அதே முன்னுரையில், பிரசங்கம் செய்வோர் மைக்கூட்டுச் சொற்களைத் தவிர்த்து எல்லோருக்கும் விளங்கும் மொழியில் பேச வேண்டும் என்ற வாதத்தையும் அவர் வில்சனிடமிருந்து எடுத்தாண்டிருக்கிறார். கடினச் சொற்களின் பட்டியலை வெளியிட்டவரே கடினச் சொற்களை விரும்பாதவர். இதை முரண்பாடு என்று நான் கொள்ளவில்லை. சொல்லை உயர்த்திப் பேசுவோரைத் தடுக்க அவரால் முடியாது. கீழே நின்று கேட்போருக்கு ஒரு கைவிளக்கைக் கொடுக்க முடியும், அவ்வளவுதான். அவரது வாசகர் அந்தச் சொற்களைப் பேசவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கேட்டால் விளங்கவேண்டும் என்றே எதிர்பார்த்தார். இந்த வேறுபாடு சிறியதன்று.

அது 20 ஆண்டுகளுக்குள் காணாமற் போயிற்று. 1616 இல் ஜோன் புலோக்கர் என்ற மருத்துவர் இத்தகைய இன்னொரு அகராதியை வெளியிட்டார். 1623 இல் ஹென்றி கொக்கெரம் வெளியிட்டதில் ஒரு புதுமை இருந்தது. அதன் இரண்டாம் பகுதியில் சாதாரணச் சொல் முதலில் இருக்கும். அதற்குப் பதிலாகப் பயன்படுத்தத்தக்க பகட்டான சொல் எதிரே இருக்கும். அதாவது, வாசகர் இனித் தாம் கேட்டது விளங்குவதற்காக நூலைப் புரட்டத் தேவையில்லை. தாம் பேசப் போவதை அலங்கரிப்பதற்காகவும் புரட்டலாம். இன்று 'மேம்பட்ட ஆங்கிலச் சொல்வளம்' என்ற பெயரில் விற்கப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் கோட்ரியின் வழித்தோன்றல்களல்ல. கொக்கெரமின் பேரப்பிள்ளைகள்.

சாதாரணச் சொற்களும் அகராதிக்குள் இடம்பெற 18 ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1755 இல் சாமுவேல் ஜோன்சனின் பேரகராதி 42,000க்கு மேற்பட்ட சொற்களுடன் வந்தது. 20 ஆண்டுகள் கழித்து, 1775 இல், ஷெரிடனின் 'த ரைவல்ஸ்' நாடகம் மேடையேறியது. அதில் வரும் மிஸிஸ் மலப்ரொப் பெரிய சொற்களை இடம் மாறிப் பயன்படுத்துபவர். ஒலி ஒன்றாக இருக்கும், பொருள் வேறாக இருக்கும். அரங்கம் சிரித்தது. அவரது பெயரே அந்தப் பிழைக்கு உரிய சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. சிரித்தவர்கள் யார், சிரிக்கப்பட்டவர் யார் என்று பாருங்கள். லத்தீன் படித்த ஆண்கள், படிக்க அனுமதிக்கப்படாத ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பேரரசின் பட்டதாரிகள்

இதே சிரிப்பு அடுத்த நூற்றாண்டில் கடல் கடந்தது. மெக்காலேயின் 1835 ஆம் ஆண்டுக் குறிப்புக்குப் பின்னர் இந்தியாவில் ஆங்கிலக் கல்வி அரச கொள்கையானது. ஜோன்சனையும் மில்டனையும் படித்து வந்த வங்காளப் பட்டதாரி, தாம் படித்த நூல்களின் சொற்களிலேயே விண்ணப்பம் எழுதினார். படிக்கச் சொன்னவர்களே அதைப் படித்துவிட்டு 'பாபு ஆங்கிலம்' என்று பெயரிட்டனர். எஃப். ஆன்ஸ்டி என்ற நகைச்சுவை எழுத்தாளர் 'பஞ்ச்' இதழில் தொடராக எழுதி 1897 இல் நூலாக வெளியிட்ட 'பாபு ஜாபர்ஜி, பி.ஏ.' முழுவதும் இந்த ஒரே கேலியின் மீது கட்டப்பட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்திருப்பது தற்செயலானதன்று. சொற்கள் குறைவாக இருந்தால் படியாதவன். நிறைய இருந்தால் கோமாளி. எத்தனை சொற்கள் போதும் என்பதை நிர்ணயிக்கும் உரிமை அவனிடம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கதை வேறு விதமாக நடந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியில் ஆங்கிலமும் தமிழும் சேர்த்தே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்களே. தாமோதரம்பிள்ளை ஆங்கிலத்தால் பெற்ற பதவியுடன் நின்றுவிடாமல் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார் என்பதை வாசகர்கள் அறிவர். ஆனால் 1855 இல் செமினறி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழு, தாய்மொழிக் கல்வியே சமயப் பணிக்கு உகந்தது என்ற நிலைப்பாட்டைக் கொண்டிருந்தது. ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் ஊழியத்துக்கு வருவதை விட்டு அரச உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது அதன் மனக்குறை. அவ்விளைஞர்களின் பெற்றோர் ஆங்கிலத்தை விரும்பியதும் அதே காரணத்துக்காகத்தான்.

அதே மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் எடுத்த முடிவு என்னை எப்போதும் வியக்க வைக்கும். 1847 இல் வந்து ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1860களில் தமிழுக்கு மாறினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்று பெயரிட்டார். கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். ஊரில் தங்கி ஊரவருக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவருக்கு எந்தச் சொற்கள் வேண்டும் என்பதே அவரது கேள்வி. சொல்வளத்தைப் பற்றி அக்காலத்தில் கேட்கப்பட்டவற்றுள் மிகவும் பயனுள்ள கேள்வி அதுவே என்பேன். அதை ஆங்கிலத்தைக் குறித்தும் கேட்பதற்கு இன்னும் 60 ஆண்டுகள் ஆயின.

வெற்றியின் விலை

இடையில் அமெரிக்காவுக்குப் போய் வருவோம். அதற்கு முன்னர், 1852 இல் பீற்றர் மார்க் ரொஜே என்ற மருத்துவர் தமது சொற்களஞ்சியத்தை வெளியிட்டதைக் குறிப்பிட வேண்டும். அகர வரிசையை விட்டு, கருத்துகளை 1,000 தலைப்புகளாக வகுத்துச் சொற்களைத் திரட்டிய நூல் அது. திவாகர நிகண்டைப் புரட்டிப் பழகிய தமிழருக்கு அந்த முறை வியப்பளிக்காது.

அமெரிக்காவில் சொல்வளம் பண்டமானது 1930களின் பொருளாதார மந்த காலத்தில். ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தில் ஊழியரின் திறன்களைச் சோதித்து வந்த ஜோன்சன் ஓ'கொனர், 1934 இல் 'அட்லாண்டிக்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தாம் அளந்த இயல்புகளுள் உயர் பதவியிலிருப்போரிடம் மிகச் சீராகக் காணப்படுவது விரிந்த ஆங்கிலச் சொல்லறிவே என்பது அதன் சாரம். இதிலிருந்து, சொற்களைக் கற்றால் பதவி உயரும் என்ற முடிவுக்குப் பதிப்பாளர்கள் பாய்ந்தனர். பெருந்தொகை நூல்கள் உள்ள வீட்டில் வளர்ந்தவனுக்குச் சொற்களும் கிடைக்கும், தந்தையின் தொடர்புகளால் பதவியும் கிடைக்கும் என்ற எளிய விளக்கத்தை எவரும் விற்க முற்படவில்லை.

அகராதிப் பதிப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்த வில்ஃப்ரட் ஃபங்க், நோர்மன் லூயிஸுடன் இணைந்து 1942 இல் 30 நாள்களில் சொல்வளம் பெருக்கும் நூலொன்றை எழுதினார். 1945 இல் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' சஞ்சிகையில் சொல்வலிமையைப் பெருக்குவது இலாபகரமானது என்று தலைப்பிலேயே சொல்லும் பகுதியைத் தொடங்கினார். பல் வைத்தியரின் வரவேற்பறையில் அதைக் கண்டு தம்மைத் தாமே பரீட்சித்துப் பார்க்காத ஆங்கில வாசகர் எங்கள் தலைமுறையில் குறைவு.

லூயிஸுக்கு நீதி செய்ய வேண்டும். அவரது நூல் வெறும் பட்டியலன்று. சொற்களின் லத்தீன், கிரேக்க வேர்களை எடுத்துக்காட்டி, ஒரு வேரிலிருந்து பல சொற்கள் கிளைப்பதை அவர் விளக்குகிறார். அகத்தை நோக்கியவர், புறத்தை நோக்கியவர், இரண்டுமானவர் என மூன்று வகை மனிதரைக் குறிக்கும் மூன்று சொற்களில் 'திருப்புதல்' என்ற ஒரே வேர் இருப்பதை அவரிடம் படித்தவர் மறப்பதில்லை. இலக்கணப் பாடசாலைக்குள் பூட்டியிருந்த படிக்கட்டை அவர் மலிவுப் பதிப்பில் வெளியே கொண்டு வந்துவிட்டார் என்று சொல்லலாம். குறை என்னவெனில், அந்தப் படிக்கட்டு கீழ்மாடியை ஏற்கெனவே அறிந்தவருக்காகக் கட்டப்பட்டது. அமெரிக்க வாசகருக்கு அது பிரச்சினையன்று. நமக்கோ கீழ்மாடியே அந்நியம்.

ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் வெளிநாட்டுச் செய்தி முகவரகங்களின் ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்த்துப் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நீண்ட லத்தீன் சொற்கள் எங்களை அரிதாகவே தடுமாற வைத்தன. அகராதியைத் திறந்தால் ஒரு பொருள் இருக்கும், முடிந்தது. தடுமாற வைத்தவை 'புட் ஓஃப்', 'புட் அப் வித்', 'புட் டவுன்' போன்றவை. மூன்றிலும் உள்ள 'புட்' என்பதை முதலாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். முதலாவது ஒத்திவைத்தல், இரண்டாவது பொறுத்துக்கொள்ளல், மூன்றாவது ஒரு கிளர்ச்சியை அடக்குதல். ஒத்திவைக்கப்பட்ட பேச்சுவார்த்தைக்கும் அடக்கப்பட்ட கிளர்ச்சிக்கும் இடையே இருந்த வேறுபாடு இந்நாட்டில் எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை.

டாக்காவிலிருந்து ஒரு கேள்வி

கிறீன் மானிப்பாயில் கேட்ட கேள்வியை ஆங்கிலத்தைக் குறித்துக் கேட்டவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விச் சேவையைச் சேர்ந்த ஆங்கிலேயரான இவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைமை தாங்கினார். வங்காள மாணவரில் பெரும்பாலோர் ஆங்கிலப் பாடத்திட்டத்தை முடிக்கும் முன்னரே பள்ளியை விட்டு விலகுவதை அவர் கண்டார். முழுப் படிப்பையும் முடித்தவருக்கே பயன்படும் கல்வி, நடுவில் விலகுபவனுக்கு எதைக் கொடுத்து அனுப்புகிறது? 1926 இல் வெளியான தமது ஆய்வில் காப்புறுதித் துறையிலிருந்து ஒரு சொல்லை அவர் இரவல் வாங்கினார். காப்புறுதியை இடையில் கைவிடுபவருக்கும் ஒரு தொகை திருப்பிக் கிடைக்கிறதல்லவா? மொழிக் கல்விக்கும் அத்தகைய கைவிடுபெறுமதி இருக்க வேண்டும் என்றார்.

மாணவர் கையிலிருந்த வாசிப்பு நூல்களை அவர் ஆராய்ந்தார். புதிய சொற்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக வந்தன. அவற்றில் பல மீண்டும் ஒருபோதும் எதிர்ப்படாத இலக்கியச் சொற்கள். அரிய சொற்களை எடுத்துவிட்டுப் பழக்கமான சொற்களை வைத்தார். புதிய சொற்களை இடைவெளி விட்டுத் தூவினார். அறிமுகமான சொல்லை மீண்டும் மீண்டும் சந்திக்க வைத்தார். 1953 இல் அவர் பதிப்பித்த பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இருந்தன. 50 இலட்சம் சொற்கள் கொண்ட ஆங்கில எழுத்துக்களை எண்ணிப் பெற்ற கணக்கு அதற்கு அடிப்படை. ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது எத்தனை வீதம் வருகிறது என்பதையும் அது காட்டியது. சாதாரண ஆங்கிலப் பக்கமொன்றின் சொற்களில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்த 2,000க்குள் அடங்கிவிடுகிறது.

இதே காலத்தில் சி. கே. ஒக்டன் 850 சொற்களில் 'பேசிக் இங்கிலிஷ்' என்ற சுருக்க ஆங்கிலத்தை 1930 இல் வெளியிட்டார். 1943 இல் ஹார்வர்டில் பேசிய சேர்ச்சில் அதை ஆதரித்தார். அதனாலேயே அது பேரரசின் கருவி என்ற ஐயமும் எழுந்தது. சொற்களின் தொகையைக் குறைக்க ஒக்டன் கையாண்ட வழி, 18 வினைகளை வைத்துக் கொண்டு மற்ற வினைகளை அகற்றுவது. ஆயிரக்கணக்கான வினைகளின் வேலையை 'புட்', 'கெட்', 'டேக்' முதலியவை இடைச்சொற்களுடன் கூடிச் செய்ய வேண்டியதாயிற்று. எங்களைத் தடுமாற வைத்த அதே வகை. எளிமை என்று ஆங்கிலேயர் கருதுவது பிறருக்கு எளிமையன்று என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. வெஸ்ட் எண்ணினார், அவர் எதிரே வங்காளச் சிறுவர் அமர்ந்திருந்தனர்.

வாள்

இலங்கையில் 1956 இன் தனிச் சிங்களச் சட்டமும் பள்ளிகளில் ஏற்கெனவே தொடங்கியிருந்த சுயமொழிக் கல்வியும் ஆங்கிலத்தை அகற்றிவிடும் எனப் பலர் நம்பினர். 1960 இல் சுயமொழி மூலம் கற்ற மாணவர் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்துக்குள் வந்தனர். விரிவுரை சிங்களத்திலும் தமிழிலும் கிடைத்தது; நூலகத்தின் நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன; வெளியே தொழில் கொடுப்பவரும் ஆங்கிலம் கேட்டார். அந்த மாணவர் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் 'கடுவ'. சிங்களத்தில் வாள் என்று பொருள். திரு கந்தையா என்ற பெயரில் எழுதிய பேராதனை ஆங்கிலத்துறை அறிஞர், 1984 இல் இந்த ஒரு சொல்லையே தலைப்பாக்கி, ஆங்கிலம் இந்நாட்டில் அதிகாரத்தின் ஆயுதமாக இயங்குவதை விரிவாக ஆராய்ந்தார். ஆங்கிலத்தை நீக்கிய சட்டம், அதை ஏற்கெனவே வைத்திருந்த குடும்பங்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்கும் வழியைத்தான் அடைத்தது. இனங்களைக் கடந்து இரு தரப்புக் கிராமத்து மாணவரும் ஒன்றாக அனுபவித்த சில துன்பங்களுள் இதுவும் ஒன்று.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் வகுப்பறையைப் பற்றி எழுதிய நூல் 1999 இல் வெளிவந்தது. அங்கே பயன்பட்டது நன்கொடையாகக் கிடைத்த 'அமெரிக்கன் கேர்னல் லெசன்ஸ்' என்ற பாடநூல். அதன் உரையாடல்களில் நடமாடிய அமெரிக்க நகரவாசிகளுக்கும் ஷெல் விழும் ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாணவர் அந்நூலின் ஓரங்களில் எழுதியும் வரைந்தும் வைத்திருந்தவற்றைக் கனகராஜா சேகரித்து ஆராய்ந்தார். சினிமா, காதல், போராட்டம் எல்லாம் அந்த ஓரங்களில் இருந்தன. ஆனால் அதே மாணவர் வகுப்பில், பரீட்சைக்கு வேண்டிய இலக்கணத்தைச் சொல்லித் தாருங்கள் என்றே கேட்டனர். வாளை வெறுத்துக் கொண்டே அதன் கைப்பிடியைத் தேடியவர்கள் அவர்கள்.

அண்மைக் காலத்தில் பட்டியலின் மதிப்புச் சரிந்திருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான 'சற்' பரீட்சை 1994 இல் எதிர்ச்சொற் கேள்விகளையும் 2005 இல் ஒப்புமைக் கேள்விகளையும் கைவிட்டது. 2016 இல் அருஞ்சொற்களைத் தனியே சோதிப்பதையும் விட்டுவிட்டது. பட்டப்பின்படிப்புக்கான 'ஜீ.ஆர்.ஈ.' 2011 இல் எதிர்ச்சொற்களையும் ஒப்புமைகளையும் நீக்கியது. 3,500 சொற்கள் கொண்ட தயாரிப்பு நூலை அட்டை கிழியும்வரை மனனம் செய்த நம் இளைஞர்களுக்கு இது எவ்வளவு தாமதமாக வந்த செய்தி!

நியூசிலாந்தின் போல் நேஷன் என்ற அறிஞர் 2006 இல் வெளியிட்ட கணக்கின்படி, நாவலையோ நாளிதழையோ அகராதியின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் வேண்டும். வெஸ்டின் 2,000க்கும் இந்த எண்ணுக்கும் இடையிலுள்ள தொலைவே 'மேம்பட்ட சொல்வளம்' என்பதன் உண்மையான நிலப்பரப்பு. அங்கே இருப்பவை மிஸிஸ் மலப்ரொப் விரும்பிய அருஞ்சொற்களல்ல. பத்திரிகையிலும் நீதிமன்ற அறிக்கையிலும் வைத்தியசாலைப் படிவத்திலும் அன்றாடம் வரும் நடுத்தரச் சொற்களே. அவற்றைக் கடக்க நேஷன் பரிந்துரைக்கும் வழிகளுள் முக்கியமானது, படிநிலை வாசிப்பு நூல்களை நிறைய வாசிப்பது. டாக்காவில் வெஸ்ட் எழுதத் தொடங்கிய நூல்களின் வகை அது. நடைபாதைக் கடைகளில் அவற்றைத் தேடிப் பார்த்திருக்கிறேன். லூயிஸ் அடுக்கடுக்காக இருப்பார், இவை சிறுவர் கதைகளுக்குள் கலந்து கிடக்கும். 'இது சின்னப் பிள்ளைகளின் புத்தகம்' என்று கடைக்காரர் சொல்வார்.